மின்சார ஓவன் சூடாகவில்லையா? வீட்டிலேயே பழுதைக் கண்டறியும் முறையும், கைவைக்கக் கூடாத இடங்களும்

கேக் மாவு கலந்து தட்டில் ஊற்றியாகிவிட்டது. 180 டிகிரியில் முன்சூடு செய்ய வைத்த ஓவனோ இருபது நிமிடங்கள் கழிந்தும் கை பொறுக்கும் சூட்டிலேயே நிற்கிறது. வீட்டிலிருந்தபடியே கேக், பிஸ்கட் செய்து விற்பவர்களுக்குப் பண்டிகைக் காலத்தில் இப்படி நேர்ந்தால் அன்றைய வருமானமே நின்றுவிடும். மற்றவர்களுக்கு மாவும் வெண்ணெயும் வீண்.

இந்த நிலையில் பெரும்பாலும் இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. பிளக் பாயின்டில் இருந்த கோளாறுக்காக ஓவனையே பழுதென்று கருதிப் பணத்தைச் செலவழிப்பது ஒன்று. மின் இணைப்பைத் துண்டிக்காமல் திருப்புளியுடன் ஓவனின் பின்மூடியைத் திறப்பது மற்றொன்று. முதல் தவறு பணத்தோடு போகும். இரண்டாவது உயிரைப் பறிக்கக்கூடும். ஓவனைத் திறக்காமலேயே பழுதின் இருப்பிடத்தைப் பெருமளவு கண்டறிய முடியும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதலில் எந்த ஓவன் என்பதைப் பிரித்தறிய வேண்டும்

இந்திய வீடுகளில் 'ஓவன்' என்ற ஒரே சொல்லால் அழைக்கப்படுபவை இரு வேறு கருவிகள். ராட் சிவந்து, அந்த வெப்பத்தால் உணவைச் சுடுவது ஓ.டி.ஜி. எனப்படும் ஓவன் டோஸ்டர் கிரில்லர். நுண்ணலைகளால் உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குவது மைக்ரோவேவ். இக்கட்டுரை முந்தைய வகையைப் பற்றியது.

மைக்ரோவேவ் ஓவனின் வெளிமூடியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. அதனுள் இருக்கும் உயர் மின்னழுத்தக் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் 2,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். மின்பணியில் பழகியவர்களே இதனால் உயிரிழந்திருக்கிறார்கள். 'கன்வெக்ஷன் மைக்ரோவேவ்' எனப்படும் கலப்பு வகையிலும் இதே கெபாசிட்டர் உள்ளது. கேக் சுடும் வசதி இருப்பதால் மட்டும் அது ஓ.டி.ஜி. ஆகிவிடாது. இவ்வகைக் கருவிகளில் பிளக், சாக்கெட், கதவு சரியாக மூடுகிறதா என்பதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சியதைப் பயிற்சி பெற்ற பணியாளரிடம் விட்டுவிட வேண்டும்.

மின்சாரம் செல்லும் வழி

ஓ.டி.ஜி.யின் அமைப்பு எளிமையானது. பிளக் வழியாக நுழையும் மின்சாரம் வெப்பப் பாதுகாப்பு ஃபியூஸ், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், டைமர், மேல் ராட், கீழ் ராட், இரண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ் ஆகியவற்றைக் கடந்து ராடை அடைகிறது. பிறகு நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. இவற்றின் வரிசை மாதிரிக்கு மாதிரி மாறலாம். ஆனால் அனைத்தும் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை என்பது மாறாது. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ராட் சூடேறாது.

ராடின் உள்ளே இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகக் கலவையாலான சுருள். அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிவக்கும் அளவுக்குச் சூடாகியும் காற்றில் எளிதில் அரித்துப் போகாத கம்பி கிடைத்ததால்தான் ரொட்டி வாட்டும் கருவி முதல் இஸ்திரிப் பெட்டி வரையிலான வீட்டுச் சாதனங்கள் சாத்தியமாயின. சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொடி இறுக்கி அடைக்கப்பட்டு, அதன்மேல் உலோகக் குழாய் போர்த்தப்பட்டிருக்கும். இந்தப் பொடி வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஓவன்கள் தரும் தொல்லை ஒன்றுக்கு இந்தக் குணமே காரணம். அது பின்னர் விளக்கப்படுகிறது.

கருவி எதுவும் இன்றிச் செய்யத்தக்க சோதனைகள்

விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, எந்த ஓசையும் இல்லை என்றால் சந்தேகம் முதலில் ஓவன் மீதன்று, சாக்கெட் மீதே எழ வேண்டும். அதே சாக்கெட்டில் வேறு சாதனத்தைச் செருகிப் பார்ப்பது பலரும் அறிந்த முறை. அந்தச் சாதனம் கைப்பேசி சார்ஜராக இருந்தால் சோதனைக்குப் பொருளில்லை. சார்ஜர் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. தளர்ந்துபோன இணைப்பு வழியாகவும் அது வேலை செய்துவிடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி போன்ற சுமையைத் தரும் சாதனமே உண்மையைக் காட்டும். அதுவும் சூடேறாவிட்டால், அல்லது விட்டுவிட்டுச் சூடேறினால், கோளாறு வீட்டின் மின்கம்பியிணைப்பில் உள்ளது.

ஓவனின் பிளக்கையும் உற்றுநோக்க வேண்டும். ஊசிகளின் அருகே பழுப்பு நிறம், உருகிய பிளாஸ்டிக், மீன்வாடை போன்ற நாற்றம் ஆகியவை இணைப்பு தளர்ந்து சூடாகியிருப்பதன் அடையாளங்கள். 230 வோல்ட்டில் 1,500 வாட் ஓவன் எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 6.5 ஆம்பியர், 2,000 வாட் ஓவன் எடுப்பது 8.7 ஆம்பியர். விளக்கு, மின்விசிறி, சார்ஜர் ஆகியவற்றுக்கான 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இவ்விரண்டுமே மிகை. ஆகவே ஓவனுக்கு 16 ஆம்பியர் சாக்கெட் தேவை. பெரிய பிளக்கை மாற்றி அமைப்பான் வைத்துச் சிறிய சாக்கெட்டில் செருகுவதும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் பலகையில் ஓவனை இயக்குவதும் சமையலறைத் தீவிபத்துக்கு நேர்வழி. அப்படி இயக்கிய ஓவன் சரிவரச் சூடேறாததற்குப் பலகையின் கருகிய தொடுமுனையே காரணமாக இருப்பதுண்டு.

சாக்கெட் சரியாக இருந்தால் அடுத்து குமிழ்கள். ஓ.டி.ஜி. வாங்கிய புதிதில் சேவை மையத்துக்குச் செல்லும் அழைப்புகளில் பழுதே இல்லாதவையும் உண்டு, காரணம் டைமர். ஓவனில் உள்ள டைமர் வெறும் மணியன்று. அது ஒரு சுவிட்சு. பூச்சியத்தில் நிற்கும்வரை ராடுக்கு மின்சாரம் செல்லாது. சில வகை டைமர்களைக் குறைந்த நிமிடங்களுக்கு வைக்கும்போது, முதலில் அதிகமாகத் திருப்பிப் பின்பு பின்னோக்கிக் கொண்டுவர வேண்டும் என்று கையேட்டிலேயே குறிப்பு இருக்கும். 'ஸ்டே ஆன்' என்ற நிலை உள்ள மாதிரிகளில், அந்த நிலையில் ஓவன் இயங்கி, நிமிடங்களில் வைத்தால் இயங்காவிடில், டைமரின் கடிகாரப் பொறிதான் கெட்டிருக்கிறது என்பது திறக்காமலேயே தெரிந்துவிடும்.

தேர்வுக் குமிழை மேல் ராட் மட்டும், கீழ் ராட் மட்டும், இரண்டும் என ஒவ்வொரு நிலையிலும் ஐந்து நிமிடம் வைத்து, கண்ணாடிக் கதவு வழியே பார்க்கலாம். ஒரு நிலையில் மட்டும் சூடேறினால் பிளக், ஃபியூஸ், டைமர், தெர்மோஸ்டாட் ஆகிய நான்கும் நலமாக உள்ளன என்று பொருள். எஞ்சியிருப்பவை குறிப்பிட்ட ராடும், அதற்குரிய தேர்வுக் குமிழின் தொடுமுனையும், இடையிலுள்ள கம்பியும் மட்டுமே. இந்த ஒரே சோதனையில் தேடும் பரப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடுகிறது.

மேலிரண்டு ராடுகளும் ஒருசேர அணைந்துவிட்டால் இரண்டும் எரிந்துபோயின என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பல மாதிரிகளில் இரு ராடுகள் தொடராக இணைக்கப்பட்டு, 230 வோல்ட்டைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று அறுந்தாலும் இரண்டும் அணையும். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கூறும் பழுதுபார்ப்பவரிடம், எது அறுந்தது என்று அளந்து காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

பிளக் ஊசிகளில் மல்டிமீட்டர் வைத்து அளத்தல்

கடைகளில் எளிதில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், ஓவனின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடப்பதை அறியலாம். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முற்றிலுமாகப் பிடுங்கி, ஓவன் ஆறிய பின்னரே இதைச் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டுச் சாக்கெட்டின் சுவிட்சு ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். கம்பிகளை மாற்றி இணைத்திருக்கும் பழைய வீடுகளில் சுவிட்சு அணைந்திருந்தாலும் ஓவனுக்குள் மின்சாரம் காத்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டை உச்ச வெப்பநிலைக்கும், டைமரை முப்பது நிமிடத்துக்கும், தேர்வுக் குமிழை இரு ராடுகளும் இயங்கும் நிலைக்கும் திருப்ப வேண்டும். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில், 200 ஓம் அளவில் வைத்து, பிளக்கின் இரு சிறிய ஊசிகளையும் அதன் முனைகளால் தொட வேண்டும்.

எதிர்பார்க்க வேண்டிய அளவைக் கணக்கிட ஒரு வகுத்தல் போதும். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. இதை ஓவனின் பின்புறத் தகட்டில் குறித்திருக்கும் வாட்டால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். 1,500 வாட் ஓவனுக்கு ஏறத்தாழ 35 ஓம். 2,000 வாட் ஓவனுக்கு ஏறத்தாழ 26 ஓம். 1,000 வாட் ஓவனுக்கு 53 ஓம். குளிர்ந்த நிலையில் நிக்ரோமின் தடை சிறிது குறைவாக இருக்கும் என்பதாலும், உற்பத்தியில் ஏற்படும் வேறுபாட்டாலும் ஐந்து பத்து சதவீதம் முன்பின்னாக இருப்பது இயல்பு.

அளவு பொருந்தினால் ஃபேஸ் முதல் நியூட்ரல் வரை சங்கிலி முழுவதும் அறுபடாமல் உள்ளது. அப்படியும் ஓவன் சூடேறவில்லை என்றால் மீண்டும் சாக்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். எதிர்பார்த்ததைப் போல இருமடங்கு காட்டினால் பாதி ராடுகள் வேலை செய்யவில்லை. தேர்வுக் குமிழை 'மேல்', 'கீழ்' எனத் திருப்பினால் எந்தப் பாதி என்பது புலப்படும். எடுத்துக்காட்டாக 1,500 வாட் ஓவனில் மேலும் கீழும் சமமான ராடுகள் இருந்தால் ஒவ்வொரு நிலையிலும் 70 ஓம் அளவில் காட்ட வேண்டும். சில நூறு ஓமோ அதற்கு மேலோ காட்டினால், ராடுகள் விலகி, உள்விளக்கின் இழை அல்லது விசிறி மோட்டாரின் சுருள் மட்டுமே இணைப்பில் உள்ளது. மீட்டர் முடிவிலியைக் காட்டினால் சங்கிலி எங்கோ முழுதாக அறுந்திருக்கிறது.

மின்தடையைப் பார்த்துக்கொண்டே குமிழ்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைப்பது பயனுள்ள உத்தி. டைமரைச் சற்று அழுத்தும்போது எண் தோன்றி மறைந்தால் அதன் தொடுமுனை கருகியிருக்கிறது. மின்கம்பியை ஓவனுக்குள் நுழையும் இடத்திலும் பிளக்கின் அருகிலும் மடக்கும்போது எண் துள்ளினால் கம்பியே உள்ளே முறிந்துள்ளது. ஓவனை மின்கம்பியைப் பிடித்து இழுத்து நகர்த்தும் வீடுகளில் இது அடிக்கடி காணப்படுவது.

ஓவன் நன்றாக இயங்கினாலும் செய்யத்தக்க இரண்டு அளவீடுகள் உள்ளன. பிளக்கின் பெரிய எர்த் ஊசிக்கும் ஓவனின் உள்ளே பெயின்ட் பூசப்படாத உலோகப் பகுதி ஒன்றுக்கும் இடையே அளந்தால் மீட்டர் ஏறத்தாழப் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எர்த் இணைப்பு அறுந்துள்ளது. உள்ளே ஏதேனும் ஒரு கம்பி உலோக உடலைத் தொட்டால் ஓவன் முழுவதும் மின்சாரம் பாயும். அவ்வாறான ஓவனைச் சரிசெய்யும்வரை பயன்படுத்தக் கூடாது. அடுத்து, எர்த் ஊசிக்கும் சிறிய ஊசிகள் ஒவ்வொன்றுக்கும் இடையே மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில் வைத்துப் பார்க்கும்போது முடிவிலி காட்ட வேண்டும். எண் ஏதும் தோன்றினால் மின்கசிவு உள்ளது. முடிவிலி காட்டினால் மட்டும் கசிவே இல்லை என்று உறுதிகூற இயலாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டில் மட்டுமே சோதிக்கிறது. 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர் என்ற கருவியைக் கொண்டு எலக்ட்ரீஷியன் பார்த்தால்தான் ஐயம் தீரும்.

மழைக்காலத்தில் மின்தடுப்பான் விழுவது ஏன்?

ஓவனை இயக்கியதும் வீடு முழுவதும் மின்சாரம் போய்விட்டால், விழுந்தது எந்தத் தடுப்பான் என்பதை மின்பலகையில் பார்க்க வேண்டும். மிகை மின்னோட்டத்தைத் தடுக்கும் எம்.சி.பி. உடனே விழுந்தால் உள்ளே ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஓவனை அதன்பின் தொடவே வேண்டாம். பத்து நிமிடம் கழித்து எம்.சி.பி. விழுந்தால், அதே இணைப்பில் கீசரோ, இன்டக்ஷன் அடுப்போ சேர்ந்து இயங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். இது ஓவனின் குற்றமன்று.

மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. விழுவது வேறு கதை. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., செல்லும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லாதபோது இணைப்பைத் துண்டிக்கிறது. மாதக்கணக்கில் பரணில் கிடந்த ஓவனை மழைக்காலத்தில் இறக்கி இயக்கும்போது இது நிகழ்வதற்குக் காரணம், ராடின் முனைகள் வழியே மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சியிருப்பது. ஈரப்பொடி வழியாகச் சிறிதளவு மின்சாரம் உலோகக் குழாய்க்கும், அங்கிருந்து எர்த்துக்கும் கசிகிறது. கடலோர நகரங்களில் இத்தொல்லை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

ஓவனை வெயில் படும் உலர்ந்த இடத்தில் ஓரிரு நாட்கள் கதவைத் திறந்து வைத்திருந்தால் இலேசான ஈரம் நீங்கிவிடலாம். அதன் பிறகும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் ராடை மாற்ற வேண்டும். எர்த் ஊசியை உடைத்துவிட்டோ, எர்த் கம்பியைக் கழற்றிவிட்டோ ஓவனை இயக்குவது சிலரிடம் காணப்படும் 'தீர்வு'. தடுப்பான் விழாது என்பது உண்மைதான். எர்த் வழியே போய்க்கொண்டிருந்த மின்சாரம் அதன்பின் ஓவனைத் தொடுபவரின் உடல் வழியே போகும்.

சாக்கெட்டின் சுவிட்சு அணைந்திருக்கும்போதே, பிளக்கைச் செருகியவுடன் ஆர்.சி.சி.பி. விழுவதும் உண்டு. இது பலரைக் குழப்புகிறது. சுவிட்சு ஃபேஸை மட்டும் துண்டிப்பதால் நியூட்ரல் கம்பி ஓவனுடன் இணைந்தே இருக்கும். அந்த நியூட்ரல் உள்ளே உலோக உடலைத் தொட்டிருந்தால், வீட்டின் பிற சாதனங்களின் மின்சாரத்தில் ஒரு பகுதி அதன் வழியே எர்த்துக்குத் திரும்பித் தடுப்பானை விழச் செய்யும்.

சூடேறுகிறது, ஆனால் பண்டம் சரியாக வரவில்லை

மேலே கருகி உள்ளே வேகாத கேக், இருமடங்கு நேரம் எடுக்கும் பிஸ்கட் ஆகியவற்றுக்கு ராடைவிடத் தெர்மோஸ்டாட்டே பெரும்பாலும் காரணம். ஓவனின் நடுத்தட்டில் ஓவன் வெப்பமானி ஒன்றை வைத்து, 180 டிகிரியில் அரைமணி நேரம் விட்டுப் பார்ப்பது நேரான வழி. தெர்மோஸ்டாட் ராடை அணைத்தும் ஏற்றியும் இயங்குவதால் வெப்பம் குறித்த அளவுக்கு மேலும் கீழும் ஊசலாடும்; சராசரியையே கணக்கில் கொள்ள வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவுசெய்வதைவிட ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைப்பது நல்லது.

வெப்பமானி இல்லாத வீட்டில் சர்க்கரை உதவும். வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரி செல்சியஸில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைப் பரப்பி, நன்கு முன்சூடு செய்த ஓவனில் 175 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் அது உருகக் கூடாது. 190 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் உருக வேண்டும். முதல் சோதனையில் உருகிவிட்டால் ஓவன் குறித்ததைவிட அதிகம் சூடேறுகிறது. இரண்டாவதில் உருகாவிட்டால் குறைவாகச் சூடேறுகிறது. பத்துப் பதினைந்து டிகிரி வேறுபாட்டுக்காகத் தெர்மோஸ்டாட்டை மாற்றுவது வீண்செலவு. அந்த அளவுக்குக் குமிழைக் கூட்டியோ குறைத்தோ வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

குறைந்த மின்னழுத்தம் பலரும் எண்ணிப் பார்க்காத காரணம். ராடின் வெப்பத்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வோல்ட் கிடைத்தால் திறன் 76 சதவீதமாகக் குறைகிறது. 180 வோல்ட் என்றால் 61 சதவீதம் மட்டுமே. 1,500 வாட் ஓவன் அப்போது 920 வாட் ஓவனாகிவிடுகிறது. பிற்பகலில் நன்கு வேலை செய்யும் ஓவன் மாலை ஏழு மணிக்கு மந்தமாகிவிட்டால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சாக்கெட்டில் மீட்டரை வைத்து அளப்பது பழக்கமில்லாதவர்களுக்கு ஆபத்து. குளிர்சாதனக் கருவியின் ஸ்டெபிலைசரில் உள்வரும் மின்னழுத்தத்தைக் காட்டும் திரை இருந்தால் அதுவே போதும்.

கதவின் சுருள்வில் தளர்ந்து மேற்புறம் இடைவெளி விழுந்திருப்பதும் வெப்பத்தை வீணாக்கும். பெரிய தட்டொன்றால் உள்ளிடம் முழுவதையும் அடைத்து, காற்று சுழல வழியின்றிச் செய்வதும் அப்படியே. இவை பழுதல்ல.

புதிய ஓவனிலிருந்து முதல் நாள் வரும் புகை பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ராடின் மீதுள்ள பாதுகாப்புப் பூச்சு எரிவதால் அது ஏற்படுகிறது. சன்னலைத் திறந்துவைத்து வெறும் ஓவனைக் கையேட்டில் கூறியபடி சூடாக்கினால் நீங்கிவிடும். பழைய ஓவனில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் அது வேறு. உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

மூடியைத் திறந்த பின் காணப்படுபவை

உத்தரவாதக் காலம் முடிந்த ஓவன், மின்பணியில் அடிப்படைப் பழக்கம், பிளக் பிடுங்கப்பட்டு ஒரு மணி நேரமாவது ஆறிய நிலை ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே மூடியைக் கழற்றலாம். தகட்டின் விளிம்புகள் கையைக் கிழிக்கும். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே எதையும் அசைக்க வேண்டும்.

அறுந்த ராடில் வீக்கம், வெடிப்பு, கருங்கொப்புளம் தென்படலாம். எதுவும் தென்படாமலும் அறுந்திருக்கலாம். ஒரு முனையின் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் ஐயம் தீரும். கழற்றாமல் அளந்தால் பக்கத்து ராடின் தடையும் சேர்ந்து பொய்யான எண்ணைத் தரும். ராட் நலமாக இருந்தால், செருகு முனைகளைப் பார்க்க வேண்டும். நீலமோ கருமையோ படிந்த, எளிதில் ஆடும் செருகு முனை பழைய ஓவன்களில் அடிக்கடி காணப்படும் குறை. புதிய முனையை இறுக்கி அழுத்திப் பொருத்தினால் செலவின்றித் தீரும்.

வெப்ப ஃபியூஸ் எரிந்திருந்தால் நின்று யோசிக்க வேண்டும். அது தானாக எரிவது அரிது. பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, ராட் அணையாமல் சூடேறிக்கொண்டே போனதால்தான் ஃபியூஸ் தன்னைப் பலிகொடுத்துத் தீயைத் தடுத்திருக்கும். குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பும்போது 'டிக்' ஓசை கேட்கிறதா, மீட்டரில் இணைப்பு அறுகிறதா என்று பார்த்தால் தெர்மோஸ்டாட்டின் நிலை தெரியும். அதைச் சரிசெய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் புதியதும் சில நாட்களில் எரியும். ஃபியூஸையே நீக்கிவிட்டுக் கம்பியால் நேரடியாக இணைத்துத் தருவதைச் சில பழுதுபார்ப்பவர்கள் திறமையாகக் கருதுகிறார்கள். அன்று ஓவன் இயங்கும். தெர்மோஸ்டாட் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் நாளில் அதைத் தடுக்க எதுவும் இருக்காது.

உள்ளே கம்பியை மாற்ற நேர்ந்தால் சாதாரண பி.வி.சி. உறையுள்ள வீட்டுக் கம்பியைப் பயன்படுத்தக் கூடாது. அதன் உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏற்றது. கண்ணாடி இழை அல்லது சிலிக்கோன் உறையுள்ள வெப்பம் தாங்கும் கம்பியே தேவை. ராடின் முனையில் கம்பியைப் பற்றவைப்பதும் பயனற்றது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் உருகத் தொடங்கும். இன்சுலேஷன் டேப்புக்கும் ஓவனுக்குள் இடமில்லை.

பழுது நீக்கிய பின் மூடியைப் பொருத்திவிட்டு, பிளக்கைச் செருகுவதற்கு முன்பே எர்த் சோதனைகள் இரண்டையும் மீண்டும் செய்ய வேண்டும். பிறகு வெறும் ஓவனை 150 டிகிரியில் இருபது நிமிடம் இயக்கி, அருகிலேயே நின்று கவனிக்க வேண்டும். தெர்மோஸ்டாட் ராடை ஒருமுறையாவது அணைப்பதைப் பார்க்கும்வரை ஓவனைத் தனியே விடலாகாது.

உத்தரவாதமும் நுகர்வோர் உரிமையும்

உத்தரவாதக் காலத்தில் உள்ள ஓவனை வீட்டில் திறந்தால் உத்தரவாதம் ரத்தாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் பிளக் ஊசிகளில் அளப்பதால் அதற்குப் பாதிப்பு இல்லை. அளந்த எண்களைக் குறித்துச் சேவை மையத்திடம் கூறினால் தேவையற்ற உதிரிபாகங்கள் மாற்றப்படுவதைத் தவிர்க்கலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதும், பணிக்கான ரசீதை வைத்திருப்பதும் பின்னர் பூசல் எழுந்தால் உதவும். ராட், தெர்மோஸ்டாட் வாங்கும்போது ஓவனின் மாதிரி எண், வாட் அளவு, வோல்ட் அளவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். தொடராக இணைந்த ராடின் இடத்தில் 230 வோல்ட் ராடைப் பொருத்தினால் அந்த இணை மங்கலாகவே சூடேறும்.

ஓவனில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் கீழுள்ள உரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். பழுதுபார்ப்புத் தகவல்களை நுகர்வோருக்கு எளிதில் கிடைக்கச் செய்யும் நோக்கில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. சேவை மையம் பதிலளிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். அதிலும் தீர்வு கிட்டாவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகாருக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். ஓவன் போன்ற குறைந்த விலைப் பொருட்களுக்கான புகாருக்குக் கட்டணம் கிடையாது. 5 லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கிய பொருட்களுக்கு இந்த விலக்கு உண்டு. வழக்கறிஞரின்றி நுகர்வோரே நேரில் வாதிடவும் செய்யலாம்.